யாரையும் முந்தாத சிவப்பு வண்டி

என் குமாருக்கு,

நீ முதலில் என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அக்கா சாப்பிட்டாளா, ஒழுகுகிற மாடியைப் பூசினாளா என்றெல்லாம் கேட்கமாட்டாய். "செவப்பு ஜெயிச்சுதா இல்லியா, அத்த சொல்லு மொதல்ல" என்பாய். சொல்கிறேன். ஆனால் உடனே சொல்லமாட்டேன். பந்தய விஷயத்தில் எனக்குத் தெரிந்து உனக்குத் தெரியாதது என்று ஒன்றும் நம் வீட்டில் இருந்ததில்லை. முதல் தடவையாக இருக்கிறது. கொஞ்ச நேரம் நானே வைத்துக்கொள்கிறேனே.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து வரிசை நகரவில்லை. துறைமுகத்துக்குள் கிரேன் பழுது என்றார் ஒருவர், கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்றார் இன்னொருவர். எப்போதும்போல் யாருக்கும் எதுவும் தெரியாது. எண்ணூர் சாலையில் நம் வீட்டைத் தாண்டித் தெற்கே காசிமேடு வரைக்கும் கண்டெய்னர் லாரிகள் மூக்கும் வாலும் ஒட்டி நின்றன. நம் கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு டிரெய்லர். கேட் பாதிதான் திறந்தது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, டயருக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்துதான் பால் வாங்கப் போனேன்.

கல்லூரியில் என்னோடு வேலை பார்ப்பவர்கள், "இன்னுமா அங்கேயே இருக்கீங்க?" என்கிறார்கள். பொருளாதாரம் நடத்துகிறவளிடம் இதற்கு ஒரு பதில் இருக்கவேண்டும். இந்தச் சாலையில் வீடு வாங்க யார் வருவார்கள், சொல்?

நீ ஓட்டின உன் லாரியும் அந்த வரிசையில்தான் நின்றது. நீ போன பிறகு அதை டில்லியிடம் கொடுத்தார்கள். உன்னிடம் கிளீனராக வந்து, உன் பக்கத்தில் உட்கார்ந்தே ஓட்டக் கற்றுக்கொண்டவன். வேறு யாரும் அதில் ஏறக்கூடாது என்று அவனே ஆபீசுக்குப் போய்க் கேட்டு வாங்கினான். அவனுக்குக் கிளீனர் கிடையாது. இப்போது யாருக்குமே வைப்பதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவன் பாதி திறந்த கேட்டில் ஒருக்களித்து நின்றுகொண்டு தலையைச் சொறிந்தான்.

"டீச்சரக்கா, நாளிக்கு டிவில இந்த வருசத்து கடைசி கார் ரேஸு. காலீல பதினோரு மணிக்கு. பசங்கோ கேட்டுகினு கீறானுங்கோ..."

"கேக்கறது பசங்களா, நீயா?"

"ரெண்டும்தாங்கா."

டிவியோடு தனிப் பெட்டி ஒன்று வைத்தால்தான் காசு கட்டுகிற சேனல் தெரியும் என்று ஆனபோது, தெருவே கேபிள்காரனைத் திட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. நீ மட்டும்தான் பெட்டி வாங்கினாய். வாங்கி எத்தனை பந்தயம் பார்த்தாய்? நீ இல்லாத வீட்டில் அந்தப் பெட்டி எதற்கு என்று மாதாமாதம் நினைக்கிறேன். மாதாமாதம் டில்லி வந்து தலையைச் சொறிகிறான்.

"நாளைக்கு செல்விக்கு நிச்சயம் இல்லையா?" என்று கேட்டேன்.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் மகள் செல்வியை உனக்குத் தெரியும், உன்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவாளே, அவள்தான். ஆவணியில் ஒரு தடவை நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்கும் டில்லி இதே சாலையில் மாட்டிக்கொண்டான். தட்டு மாற்றப் பெண்ணின் அப்பா வரவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். பிறகு நாலு பேர் நடந்து, பேசி, இந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை நாலு மணி என்று ஆகியிருந்தது. இந்தத் தடவையும் அப்பன் வரவில்லை என்றால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் முன்கூட்டியே சொல்லிவிட்டாராம்.

"நைட்டே நவுந்துடுங்கா. கண்டெய்னர எறக்கிட்டு, ஒரு குளியல் போட்டுட்டு, ரேஸயும் பாத்துட்டு, நாலு மணிக்கு கொருக்குப்பேட்டைல வெள்ள சட்டையோட குந்தினு இருப்பேன் பாருங்கோ."

ராத்திரி நகரவில்லை. காலையிலும் நகரவில்லை. பதினோரு மணிக்கு டிவி முன்னால் வந்து உட்கார்ந்தான், வெள்ளைச் சட்டையைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு.

இப்போது சாவி விஷயத்தைச் சொல்லவேண்டும். உனக்குப் புதிதில்லை, இந்தக் கடிதத்தைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் ஐந்து வண்டிகள் சேர்ந்து ஒரு செட்டு. நாலு பேர் இறங்கிப் போவார்கள், ஒருவன் காவல் இருப்பான். ஐந்து சாவியும் அவனிடம். வரிசை நகர்ந்தால் முதல் வண்டியை ஏறி ஓட்டி, இறங்கி நடந்து வந்து அடுத்ததை ஓட்டி, இப்படி ஐந்தையும் அவனே முன்னால் கொண்டுபோவான். இவர்கள் செட்டில் டில்லியின் வண்டி முதலாவது. நம் கேட்டை அடைத்து நின்ற டிரெய்லர் கடைசி. ஞாயிற்றுக்கிழமை காவல் முறை பாபுவுடையது. அதே செட்டில் இரண்டாவது வண்டி ஓட்டுகிற, வெள்ளிக் காருக்கு உயிரை விடுகிற அந்தப் பாபு.

உள்ளே ஒரே கூச்சல். நீ வைத்த ஏற்பாட்டின்படி ஜன்னல் பக்கம் சிவப்புக்காரர்கள், கதவுப் பக்கம் வெள்ளிக்காரர்கள். சிவப்பு ஆறாவதாக வந்தாலே வருடத்தின் பட்டம் அதற்குத்தான் என்று டில்லி எனக்கு விளக்கினான். ஆனால் சனிக்கிழமை தகுதிச் சுற்றில் சரியாக ஓட்டாததால் நடுக்கூட்டத்திலிருந்து கிளம்பியிருந்தது. முதல் சுற்றுகளிலேயே ஆறாவது இடத்தில் ஒரு நீல வண்டியின் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. அதோடு சரி. எத்தனை சுற்று வந்தாலும் அதே நீல வால்.

"இன்னாடா இது, முன்னாடி கண்டெய்னரா போவுது?"

"ஆரன் அடிடா கஸ்மாலம்! எவ்ளோ நேரம் அவன் பொகையவே துன்னுவ?"

கதவுப் பக்கத்திலிருந்து ஒருவன், "உங்காளுக்கு எண்ணூர் ரோட்ல டிரெயினிங் குட்த்தாங்களா மாமு? சூப்பரா நிக்கிறான்" என்றான்.

"நிக்கட்டும். நின்னாலே கப்பு எங்களுக்குத்தான்."

"நின்னுகினே வாங்கறதெல்லாம் ஒரு கப்பா?"

"உங்காளு பறந்துகினு போய் இன்னாத்த கிழிச்சான்? போன ரேஸுல செவுத்துல போய் முத்தம் குட்த்தானே, அத்த சொல்லு."

நான் சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தேன். வாரம் முழுவதும் நகராமல் உட்கார்ந்திருக்கும் நீங்கள், கிளம்பின இடத்துக்கே திரும்பி வருகிற கார்களை எதற்கு இப்படிப் பார்க்கிறீர்கள் என்று ஒருமுறை உன்னைக் கேட்டேன். நினைவிருக்கிறதா? "அங்க முன்னாடி ரோடு காலியா கீதுக்கா. அத்த பாக்கத்தான்" என்றாய். எனக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. இப்போதும் முழுதாகப் படவில்லை.

மழை வரும்போல இருட்டிக்கொண்டு வந்தது. துணி எடுக்க மாடிக்குப் போனேன். வெள்ளைத் துண்டில் வழக்கம்போல் கரித்தூள். தட்டிக்கொண்டே கீழே சாலையைப் பார்த்தேன். உன் வண்டிக்கு முன்னால் ரோடு காலியாக இருந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. இத்தனை வருடத்தில் பகலில் அந்தத் தார் ரோட்டை நான் பார்த்ததே குறைவு. முன்னால் நின்ற வண்டிகள் போய்விட்டிருந்தன. வளைவுக்குப் பக்கத்தில் கடைசி வண்டியின் வால் மட்டும் தெரிந்தது. உன் வண்டியும் அதன் பின்னால் நாலு வண்டியும் ஆளில்லாமல் நின்றன. பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் டிவி போட்ட சத்தத்தில் அது யார் காதில் விழும்?

படியிலிருந்தே கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை. கீழே போய் டிவிக்கு முன்னால் நின்றேன்.

"அக்கா, மறைக்காதீங்கோக்கா!"

"உங்க வண்டிக்கு முன்னாடி ரோடு காலியா இருக்கு."

டில்லி என் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தபடியே, "பாபு கீறான்க்கா வண்டில. அவன் பாத்துப்பான்" என்றான்.

கதவுக்குப் பின்னாலிருந்து பாபுவின் குரல் வந்தது. "நான் இங்க கீறேன் மாமு. ஒரு ரவுண்டு பாத்துட்டு போறேன், நீ போய் நில்லுன்னு சாவிய உன் பாக்கெட்ல போட்டன் இல்ல? நீகூட தலைய ஆட்டினியே!"

டில்லி சட்டைப் பையைத் தொட்டான். ஐந்து சாவியும் அங்கே இருந்தன. தலையை ஆட்டியிருக்கிறான்தான். எதற்கு ஆட்டினோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

பிறகு எல்லோரும் ஓடினார்கள். ஓடினார்கள் என்றா சொன்னேன்? கேட்தான் பாதி திறக்கும் கேட் ஆயிற்றே. அத்தனை பேரும் வயிற்றை எக்கிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக டயருக்கும் சுவருக்கும் நடுவில் பிதுங்கினார்கள். அதை அடைத்து நின்றதும் அவர்களுடைய வண்டிதான். டில்லி முதலில் வெளியே விழுந்து, மற்றச் சாவிகளைப் பாபுவின் பக்கம் வீசிவிட்டு ஓடினான். உன் வண்டியைக் கிளப்பி, போய்விட்ட வாலைப் பிடிக்கப் பறந்தான். அங்கேதான் தப்பு நடந்தது. அவன் வேகமாகப் போய் முன்னால் ஒட்டிக்கொண்டான். பாபு தன் வண்டியில் ஏறுவதற்குள் பக்கத்துச் சாலையில் காத்திருந்த லாரிகள் வரிசையாக நடுவில் நுழைந்துவிட்டன.

"யோவ், மூணு நாளா நின்னுகினு கீறோம்யா!" என்று பாபு ஒரு லாரியின் கதவைத் தட்டினான்.

உள்ளே இருந்தவர் நிதானமாகச் சொன்னார்: "நின்னியா? வண்டில ஆளே இல்லியே. அநாத வண்டின்னு நெனச்சேன்."

அவ்வளவுதான். முன்னால் எங்கோ துறைமுக வாசல் மறுபடி மூடிக்கொண்டது. எல்லாம் நின்றுவிட்டது.

நான் திரும்பி உள்ளே வந்தேன். ஆளில்லாத கூடத்தில் டிவி அலறிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் டீ டம்ளர். அணைக்கத்தான் போனேன் குமார். ஆனால் உட்கார்ந்துவிட்டேன். ஓட்டுபவன் தலைக்குமேல் ஒரு காமிரா வைத்திருக்கிறார்களே, அதில் அவன் கையுறை போட்ட கைகள் தெரிந்தன. எதிரே அந்த நீல வால். இடப்பக்கம் எட்டிப் பார்ப்பான், அடங்குவான். வலப்பக்கம் எட்டிப் பார்ப்பான், அடங்குவான். இவ்வளவு சக்தியுள்ள வண்டிக்குள் இருந்துகொண்டு ஒரு மனிதன் இப்படி அடங்கி இருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என்னை அறியாமல் "போயேன்டா" என்றேன். சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது.

அவன் போகவில்லை. அப்படியே கொடியைத் தாண்டினான். ஆறாவது. இதோ, சொல்லிவிட்டேன். உன் சிவப்பு ஜெயித்துவிட்டது. கடைசிவரை அந்த நீல வண்டியை முந்தவில்லை. கீழே அவனுடைய ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

முடிவு தெரிந்த ஒரே ஆள் நான். போய்ச் சொல்லவேண்டியிருந்தது. கேட்டில் நுழைந்து சாலைக்கு வந்து, "ஆறாவது" என்றேன்.

"யாருக்கா? யாரு ஆறாவது?"

"சிவப்பு."

அவர்கள் போட்ட சத்தத்தை நீ கேட்டிருக்கவேண்டும். சிவப்புக்காரர்கள் அவரவர் வண்டியில் தாவி ஏறி ஹாரனை அழுத்தினார்கள். வெள்ளிக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு, "ஒரு வண்டிய முந்தாதவனுக்கு இன்னாடா ஆரனு" என்று திட்டினார்கள். விஷயம் தெரியாத முன்வண்டிக்காரர்கள் வரிசை நகரப்போகிறது என்று நினைத்து இன்ஜினைக் கிளப்பினார்கள். அவர்களைப் பார்த்து அதற்கும் முன்னால் இருந்தவர்கள். வளைவு வரைக்கும் இன்ஜின்கள் ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு போயின. கொஞ்ச நேரம் எல்லோரும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்திருந்தார்கள். பிறகு அந்த உறுமல் ஒவ்வொன்றாக அணைந்து திரும்பி வந்தது. இந்தச் சாலையில் நான் கேட்டதிலேயே கேட்கச் சகிக்காத சத்தம் அந்த அணைதல்தான்.

டில்லியின் ஹாரன் மட்டும் கேட்கவில்லை. நடந்து போனேன். வளைவில், கடலுக்குக் கல் கொட்டியிருக்கும் இடத்தில், உன் வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தான். போனில் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"அண்ணன வுட்டு தட்ட மாத்த சொல்லு... தெரியும்மே. நான் இன்னா வேணும்னா பண்றேன்? செல்வியாண்ட குடு." உடனே, "வேணாம், குடுக்காத" என்று வைத்துவிட்டான்.

"சிவப்பு ஜெயிச்சுது" என்றேன்.

"ஆங்" என்றான்.

அவன் நிலைமை எனக்குப் புரிந்துவிட்டது. செட்டு உடைந்துவிட்டது. முன்னும் பின்னும் முகம் தெரியாதவர்கள். பாபு நடுவில் நுழைந்தவர்களுக்கெல்லாம் பின்னால், வளைவுக்கு அந்தப் பக்கம். இங்கிருந்து அவனுக்கு உன் வண்டி தெரியாது. கண்டெய்னரின் பூட்டு முத்திரையில் ஒரு கீறல் விழுந்தாலும் டிரைவர்தான் பொறுப்பு. விட்டுவிட்டுப் போனால் வேலை போகும், போகாவிட்டால் மகள் வாழ்க்கை போகும்.

"யாராவது உள்ளே உட்கார்ந்தா நீ போகலாமா?"

"நம்ம ஆளா இருந்தா போலாம். நவுந்தா பாபுக்கு ஒரு போன் போட்டா ஓடி வந்து எட்த்து வுடுவான். ஆனா எவன் கீறான்க்கா? அவனவனுக்கு அவனவன் வண்டி."

"நான் உட்காருறேன்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "டீச்சரக்கா, இது லாரி."

"தெரியும். பாத்திருக்கேன்."

டில்லி போன் போட்டதும் பாபு ஓடி வந்து, காலி மீன் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு காலைப் பெட்டியிலும் ஒரு காலைப் படியிலும் வைத்து, கம்பியைப் பிடித்துத் தொங்கி, அசிங்கமாகத்தான் ஏறினேன். யாரும் சிரிக்கவில்லை. டில்லி தன் துண்டால் சீட்டைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். மாசியில் உனக்கு நெஞ்சு வலித்தது இந்தச் சீட்டில்தான் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

கண்டெய்னருக்குப் பின்னால் நின்று சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். ஆட்டோ உள்ளே வர வழியில்லை. பாபு, மீன் ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றைக் கூப்பிட்டு நிறுத்தினான். அன்றைக்கு ஆம்புலன்ஸ் கல்மண்டபத்திலேயே நின்றுவிட்டதால், உன்னைக் கிடத்திக்கொண்டு லாரிகளுக்கு நடுவில் இவர்கள் ஓட்டிப்போனதும் ஒரு மீன்பாடி வண்டியைத்தான். டில்லி அதன் பலகையைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வெள்ளைச் சட்டையோடு ஏறி உட்கார்ந்தான்.

இதை உன் சீட்டிலிருந்துதான் எழுதுகிறேன், டிரிப் ஷீட்டு அட்டையை மடியில் வைத்துக்கொண்டு. மழை பிடித்துவிட்டது. கண்ணாடிக்கு முன்னால் ஒரு பழுப்புக் கண்டெய்னரின் பின்கதவு. அதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கால் மரத்துப்போகிறது. இறங்கினால் ஏற முடியாது, ஏறிவிட்டதால் இறங்கவும் முடியாது. தண்ணீர் குடிக்கப் பயமாக இருக்கிறது. பெண் பிள்ளை இந்தச் சாலையில் எங்கே போவாள்? ஒரு மத்தியானத்துக்கே இப்படி. வாரக்கணக்கில் இங்கே உட்கார்ந்து நீ என்ன செய்தாய், குமார்? எதைப் பார்த்தாய்? வீட்டுக்கு வந்து ஒருநாளும் சொன்னதில்லையே. நானும் கல்லூரியிலிருந்து வந்து உன்னிடம் என்ன சொன்னேன்?

உன் சிவப்புக்காரனின் கைகளை நினைத்துக்கொள்கிறேன். அவனுக்காவது அத்தனை சுற்றுக்குப் பிறகு ஒரு கொடி காட்டினார்கள்.

சற்றுமுன், டில்லி என்னிடம் விட்டுப்போன அவன் போன் அடித்தது. செல்வி.

"அத்த, அப்பா வந்துட்டாரு! சட்டை ஃபுல்லா மீன் நாத்தம். மாப்ள வூட்டு மாமா மூக்க பொத்திக்கினாரு. ஆனா தட்ட மாத்திட்டாங்கோ." பின்னால் யாரோ சிரித்தார்கள். "நீங்க வண்டில கீறீங்கன்னு சொன்னதும் ஒருத்தரும் நம்பல அத்த."

"அப்பாவைச் சாப்பிட வெச்சு அனுப்பு. நிதானமா வரட்டும்" என்றேன்.

சொல்லிவிட்டேன். இப்போது முன்னால் இருக்கிற பழுப்புக் கண்டெய்னர் உறுமுகிறது. உண்மையாகவா, வெறுமனேயா, தெரியவில்லை. பாபுவுக்குப் போன் போட்டுவிட்டேன். பக்கத்துச் சந்தில் ஒரு லாரிக்காரன் இன்ஜினைக் கிளப்பி மூக்கை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறான். கண்ணாடி வழியாக என்னையே பார்க்கிறான், இந்த அம்மாவுக்கு ஓட்டத் தெரியுமா என்று.

எனக்குத் தெரியாது. அவனுக்கு அது தெரியவேண்டியதில்லை. உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் குமார்: டில்லி வந்து இந்தச் சீட்டைத் திரும்ப வாங்கும்வரை இறங்கமாட்டேன். பாபு வருவதற்குள் அந்தச் சந்துக்காரன் நுழையப் பார்த்தால் மட்டும் இறங்குவேன். இறங்கி, உன் வண்டிக்கு முன்னால், நடு ரோட்டில் நிற்பேன்.

உன் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும்,
உன் அக்கா